செஸ்னா 172 எஸ்: செட்டிநாட்டுப் பொட்டல் மேல் அவசரத் தரையிறக்கப் பயிற்சிக்கு ஏற்றதா?

எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு இறங்கிப் பழக, ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானமான செஸ்னா 172 எஸ் நல்லது. ஆனால் இதில் கவலைப்பட வேண்டியது இறக்கத்தைப் பற்றி அல்ல. பயிற்சியை முடித்து மறுபடி மேலேறும் முதல் பத்துப் பதினைந்து விநாடிகளில்தான் ஆபத்து.

எஞ்சின் விசையின்றிக் காற்றில் மிதந்து இறங்குவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முழு எடையான 2,550 பவுண்டில், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் தகடு) இறக்காமல் 68 நாட் (மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர்) வேகம் பிடித்தால், காற்றில்லாத நேரத்தில் 1,000 அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் போகும். மெல்ல ஓடும் எஞ்சினோடு பழகியவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: எஞ்சின் நிஜமாகவே நின்றால் மூக்கிலுள்ள காத்தாடி காற்றை இன்னும் தடுக்கும், இறக்கம் கூடும்.

பழைய 172 என், பி ரகங்களில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மூடினால் அதற்குள் பனி கட்டும். மூடுவதற்கு முன்பே, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை இழுத்துவிட வேண்டும். எஸ் ரகத்தில் கார்புரேட்டர் இல்லாமல் எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் ஐஓ-360 எஞ்சின் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் நீண்ட இறக்கத்தில் எஞ்சின் குளிர்ந்து, பிளக்கில் கரி படியும். 500 அடி இறங்குவதற்கு ஒருமுறை த்ராட்டிலைச் சற்றுத் திறந்து மூடுங்கள். 'எஞ்சின் போச்சு' என்று காட்டத் த்ராட்டில் ஒன்றே போதும். மிக்ஸ்சரையோ (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி) எரிபொருள் வால்வையோ அடைத்துக் காட்டுவது விபத்தை நாமே வரவழைப்பது.

இனி மேலேறுதல். ஃபிளாப் 30 பாகையில், டிரிம் (மூக்கின் நிலையைத் தானாக நிறுத்திவைக்கும் அமைப்பு) மெதுவேகத்துக்கு வைத்திருக்க, 180 குதிரைத்திறனை ஒரே மூச்சில் கொடுத்தால் மூக்கு தானாக மேலே எழும், இடப்பக்கம் திரும்பும். யோக்கை (கையால் பிடிக்கும் திருப்பி) முன்னே அழுத்தி, வலது ரடரை (வால் சுக்கானின் மிதி) மிதித்து, ஃபிளாப்பை உடனே 20க்குக் கொண்டுவந்து, 60 நாட் பிடிக்க வேண்டும். தடைகளைத் தாண்டும்வரை 10. பாதுகாப்பான உயரம் வந்தபின் பூஜ்யம். பதற்றத்தில் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு மடக்கினால் விமானம் தொப்பென்று அமிழும். சித்திரை வெயிலில், 38 டிகிரியில், தரைமட்டக் காற்றே சுமார் 3,000 அடி உயரக் காற்றுபோல மெலிந்திருக்கும். ஏறும் வேகம் அதற்கேற்பக் குறையும். அதனால் 500 அடிக்குக் கீழே போகாமல் மேலேற முடிவெடுப்பதே சரி. கிளம்புமுன் இருக்கைப் பூட்டு தண்டவாளத் துளையில் விழுந்ததா என்று ஆட்டிப் பாருங்கள். மூக்கு எழும்போது இருக்கை பின்னால் வழுக்கினால் யோக் கையோடு வந்துவிடும்.

இறக்கை விமானத்தின் மேல்புறம் இருப்பதால் நேர்ப்பறப்பில் தரை அருமையாகத் தெரியும். கடைசித் திருப்பத்தில் அதே இறக்கை இறங்கும் களத்தை மறைக்கும். களத்தைத் தேடி 45 பாகை சாய்த்தால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே இறக்கை தாங்காமல் விமானம் விழத் தொடங்கும் வேகம்) 19 சதவீதம் உயரும்.

நம் பகுதியில் வற்றிய கண்மாய் மேலிருந்து பார்க்க ஆடுகளம்போலத் தெரியும். உள்ளே சீமைக்கருவேல மூடும் குறுக்குக் கரையும் கிடக்கும். மின்கம்பி கண்ணில் படாது. கம்பத்தையும் அதன் நிழலையும் தேடுங்கள்.