டூசான் பாலைவனத்தில் பாம்பர்களுக்கு ஒரு காயலான் கடை

அரிசோனா போகிறவர்கள் பெரும்பாலும் கிராண்ட் கேன்யனைப் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். இன்ஜின், நட்டு, போல்ட்டு என்றால் நின்று பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியே தெற்கே டூசான் வரை போய், பீமா ஏர் அண்ட் ஸ்பேஸ் மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள், பெரும்பாலும் வெட்டவெளியில். ஃபைட்டர்களைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும், அதை விட்டுவிட்டு நேரே பாம்பர்கள், அதாவது குண்டுவீச்சு விமானங்கள் பக்கம் நடங்கள்.

முதலில் பி-36. ஆறு பிஸ்டன் இன்ஜின், அது போதாதென்று நான்கு ஜெட். ஒவ்வொரு பிஸ்டன் இன்ஜினிலும் 28 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக ஒரு விமானத்துக்கு 336 பிளக்! அதைக் கழற்றி மாட்டிய மெக்கானிக்குகளுக்குத் தனியாக ஒரு சிலை வைக்கலாம். புரொப்பெல்லர் பின்பக்கம் இருக்கும்படி இன்ஜினைத் திருப்பி மாட்டியதால் கார்புரேட்டர் இன்ஜினுக்கு முன்னால் குளிர்காற்றில் வந்துவிட்டது; அதில் ஐஸ் பிடித்து, காற்று குறைந்து எரிபொருள் மிஞ்சி, தீப்பற்றிய தொல்லை வேறு. இங்கே நிற்பதுதான் கடைசியாகத் தயாரான பி-36, உலகத்திலேயே மிச்சம் இருப்பது நான்குதான்.

அப்புறம் என்பி-52ஏ, பி-52 என்ற பாம்பரைச் சோதனை வேலைக்காக மாற்றியமைத்தது. எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை வலது இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனது இதுதான். எக்ஸ்-15 வால் இடிக்காமல் இருக்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற ஃபிளாப்பில் ஒரு துண்டையே வெட்டி எடுத்திருக்கிறார்கள், பக்கத்தில் போய் அண்ணாந்து பாருங்கள்.

ஆனால் எனக்குப் பிடித்த சங்கதி அடுத்த வளாகத்தில் இருக்கிறது. டேவிஸ்-மான்தன் விமானப்படைத் தளத்தில் ஓய்வுபெற்ற விமானங்களை நிறுத்தி வைக்கும் இடம், சுமார் 2,600 ஏக்கர். காற்றில் ஈரம் கம்மி என்பதால் துரு அவ்வளவாகப் பிடிக்காது, மண் கெட்டி என்பதால் தளம் போடாமலே விமானத்தை நிறுத்தலாம். எரிபொருளை வடித்துவிட்டு, குழாய்களில் லேசான எண்ணெயை ஓடவிட்டு, மேலே வெள்ளைப் பூச்சு அடித்து மூடிவிடுவார்கள். பி-52 தயாரிப்பு 1962-லேயே முடிந்துவிட்டது, அதன் டிஎஃப்33 இன்ஜினும் 1985-க்கு அப்புறம் வரவில்லை. அப்படியிருந்தும் 76 பி-52 இன்னும் பணியில் இருக்கிறதென்றால், பாகம் கழற்ற இந்த மைதானம் இருப்பது ஒரு பெரிய காரணம். பாகம் மட்டுமா, முழு விமானமே இங்கிருந்து போயிருக்கிறது: 2008-இல் நிறுத்திய 'கோஸ்ட் ரைடர்' என்ற பி-52, 2015-இல் மறுபடி பறந்து படையில் சேர்ந்தது. இதே இடத்தில்தான் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்துக்காக 365 பி-52-களை ஆறு டன் கத்தியைக் கிரேனில் தூக்கிப் போட்டுத் துண்டாக்கினார்கள் என்பதும் உண்மை. பி-52-க்குப் புது ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின்கள் மாட்ட 2021-இல் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள், டிஎஃப்33-க்குப் பாகம் தேடும் வேலை அதோடு தீரும்.

முன்பு மியூசியத்திலிருந்தே பேருந்தில் அந்த மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்கள், இப்போது அது கிடையாது. கோல்ப் ரோட்டில் காரை மெதுவாக ஓட்டினால் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசை வரிசையாகத் தெரியும், சும்மா பார்க்க அது போதும். கோடையில் மட்டும் போகாதீர்கள், வெயில் மண்டையைப் பிளந்துவிடும். குளிர்காலத்தில் போனாலும் தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும், வெட்டவெளியை முதலில் முடித்துவிட்டு மத்தியானம் கூரைக்குள் இருக்கிற விமானங்களைப் பார்த்துக்கொள்ளலாம்.