மிரிட் பூச்சிக்குப் பெயர் வைக்கும் முன்: உலக மிரிட் அட்டவணை எப்படி?

தேயிலைக் கொசு, பருத்தியில் சப்பையை (பூமொட்டை) உதிர்க்கும் மிரிட் எல்லாம் ஒரே குடும்பம், மிரிடே. நாவாய்ப்பூச்சிக் குடும்பங்களில் சிற்றின எண்ணிக்கையில் இதுதான் பெரியது. விவரிக்கப்பட்ட சிற்றினங்களே 11,000-க்கு மேல். கையிலிருப்பது புதுசா பழசா என்று பார்க்க முதலில் திறக்க வேண்டியது, ராண்டல் ஷூ தொகுத்த ஆன்லைன் அட்டவணை. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது, இலவசம்.

இதன் பலம் பெயர் வரலாறு. தக்காளித் தண்டில் பழுப்பு வளையம் போடும் நெசிடியோகோரிஸ் டெனுயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் விவரித்த ரியூட்டர் 1895-இல் வைத்தது சிர்டோபெல்டிஸ் பேரினத்தில். பிறகு பேரினம் மாறியதால்தான் அவர் பெயர் இன்று அடைப்புக்குறிக்குள் வருகிறது. புதுப் பெயர் சூட்டும்போது அந்தப் பேரினத்தின் இன்றைய பெயர்களோடு, இணைப்பெயர்களையும் (ஒரே பூச்சிக்கு வைத்த வேறு பெயர்கள்) வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதைத் தவறவிட்டால் ஒத்தபெயர்ச் சிக்கல், அதாவது இரு வேறு பூச்சிகளுக்கு ஒரே பெயர். பெயரை மாற்ற இன்னொரு கட்டுரை எழுத வேண்டிவரும்.

ஓம்புயிர்த் தாவரப் (பூச்சி உண்டு வளரும் செடி) பதிவுகளும் உண்டு. ஆனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வளர்ந்த பூச்சி எந்தச் செடியிலும் வந்து உட்காரும். இளம்பூச்சியும் அங்கேயே இருந்தால்தான் பேச்சு.

பெரிய குறை, பதிவுகள் 2013-ஓடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிந்தைய கட்டுரைகளை நீங்களேதான் துழாவ வேண்டும். சோம்பல்பட்டால், வேறொருவர் ஏற்கெனவே விவரித்த பூச்சிக்கு இரண்டாவது பெயர் வைப்பீர்கள்.

இன்னொன்று, இது அட்டவணைதான், இனங்காணும் கையேடு அல்ல. ஹெலோபெல்டிஸ் என்றால் முதுகில் குண்டூசி போல நிற்கும் முள்ளே பேரினத்தைச் சொல்லிவிடும். சிற்றினத்துக்கு ஆண் பூச்சி வேண்டும். வயிற்று நுனியை 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மிதமாகச் சூடாக்கி, கழுவி, கிளிசரினில் வைத்து இடப்பக்கப் பற்றுறுப்பையும் (இணையும்போது பெண்ணைப் பற்றும் உறுப்பு) ஆண் இனப்பெருக்க உள்ளுறுப்பின் முட்களையும் வரையுங்கள். அதிகம் கொதித்தால் சவ்வு கரைந்து, வரைய எதுவும் மிஞ்சாது. வேலை முடிந்ததும் அந்தத் துண்டைச் சிறு குப்பியில் போட்டு அந்தப் பூச்சி இருக்கும் அதே ஊசியிலேயே குத்திவையுங்கள். தனியே வைத்தால் எது எந்தப் பூச்சியுடையது என்று பிறகு தெரியாது.

எல்லா மாதிரியையும் ஆல்கஹாலில் போடாதீர்கள்: நிறம் வெளுக்கும், செதில்மயிர் உதிரும். சில ஆண்களையாவது முக்கோண அட்டை நுனியில் உலர்வாக ஒட்டிவையுங்கள்.