நீலகிரி நீராவி ரயிலில் புகைப்படப் பயணம்: வேலூர் ஏற்பாட்டாளர் ஒருவரின் சேவை குறித்து

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம், அன்று ஆற்காடு நிலையம் என்று அழைக்கப்பட்ட நம் வாலாஜா ரோடுதான். அந்தப் பெருமை உடைய வட ஆற்காட்டில் இன்று நீராவி எஞ்சின் ஓடும் பாதை ஒன்றுகூட இல்லை. வேலூர் கன்டோன்மென்ட் வழியாகச் சென்ற மீட்டர் கேஜ் பாதையும் அகலப்பாதையாகிவிட்டது. எனவே நம் பகுதிப் புகைப்பட ஆர்வலர்களுக்கு நீலகிரி மலை ரயிலே கதி. வேலூரில் சிறிய அளவில் இயங்கும் பயண ஏற்பாட்டாளர் ஒருவர், மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை தனி வண்டியை வாடகைக்கு எடுத்து, புகைப்படக்காரர்களுக்கென்றே நடத்திய பயணத்தில் கலந்துகொண்டேன். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இத்தகைய பயணத்தை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் வண்டியின் வாடகை ஒன்றுதான். ஆள் குறைந்தால் ஒவ்வொருவரின் பங்கும் ஏறும், ஆள் கூடினால் படமெடுக்க இடம் இருக்காது. பாதையோ ஒற்றைப் பாதை. காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் வழக்கமான வண்டிக்கும், பிற்பகலில் குன்னூரிலிருந்து இறங்கி வரும் அதே வண்டிக்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் தனி வண்டியின் ஓட்டம் முழுவதும் அடங்கியாக வேண்டும். ஓரிடத்தில் அரை மணி நேரம் வீணானால், அடுத்த நிலையத்தில் நிற்கும் நேரம் அந்த அளவு குறையும்.

இந்த ஏற்பாட்டாளரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, பணம் வாங்குவதற்கு முன்பே காட்பாடியில் ஒரு கூட்டம் வைத்து, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னதுதான். மலையடிவார நிலையமான கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல்தண்டவாளம், அதாவது எஞ்சினின் பற்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பற்கள் கொண்ட தண்டவாளம் உண்டு. சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற அளவில் ஏற்றம் இருக்கிறது. ஏறும்போது எஞ்சின் வண்டியின் பின்னால், அதாவது கீழ்ப்பக்கத்தில் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. வண்டிக்கு எதிரே கேமராவுடன் நின்றால் கண்ணில் படுவது முதல் பெட்டியும், அதன் முகப்பில் நின்று பிரேக்கைக் கவனிக்கும் ஊழியரான பிரேக்ஸ்மேனும்தான். எஞ்சின் முன்னே வருவது இறக்கத்தில் மட்டுமே. ஆனால் அப்போது அது உழைப்பதில்லை, ஆகவே புகையும் நீராவியும் மெலிந்திருக்கும். எஞ்சின் முன்னே வர, வானளாவப் புகை எழும் படம்தான் வேண்டும் என்று எண்ணி வருபவருக்கு, அப்படிப்பட்ட காட்சி பல்தண்டவாளப் பகுதியில் கிடைக்காது. இதைக் கேட்டு ஓரிருவர் விலகிக்கொண்டார்கள். வந்தவர்களோ என்ன எடுக்கலாம் என்ற தெளிவோடு வந்தார்கள்.

ஒலிப்பதிவு செய்ய விரும்பியவர்களுக்கும் பயனுள்ள குறிப்பு தரப்பட்டது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் வடிவமைக்கப்பட்ட இந்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் இயங்க, பல்தண்டவாளத்தில் ஏறியதும் அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டையும் இயக்கிப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கல்லாறைத் தாண்டியதும் எஞ்சினின் மூச்சொலி மாறுவதை அன்று நான் மனம் நிறையக் கேட்டேன்.

படமெடுப்பவர்களை இறக்கிவிட்டு, வண்டியைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோய் மீண்டும் முன்னே ஓட்டிவரச் செய்வதே இத்தகைய பயணங்களின் உயிர்நாடி. ஏற்பாட்டாளர் அதற்கு முன்அனுமதி பெற்று, கல்லாறுக்கு முந்தைய சமதளப் பகுதியில், பாக்குத் தோப்புகளுக்கு அருகே வைத்துக்கொண்டார். காலை வெயில் நம் முதுகுப்பக்கம் இருக்கும்படி இடம் தேர்ந்தது நல்ல தேர்ச்சி. தரையில் கயிறு போட்டு, அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்றும், உட்கார்ந்து எடுப்பவர்கள் முன்னே, கேமரா முக்காலி (டிரைபாட்) வைப்பவர்கள் பின்னே என்றும் வரிசைப்படுத்தினார்கள். அனுமதியின்றித் தண்டவாளத்தில் நடமாடினால் 1989 ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். கல்லாறுக்கு மேலே யானைகள் நடமாடும் காடு. அங்கே எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நிலையங்களைத் தவிர வேறெங்கும் இறங்க விடவில்லை. சிலர் முகம் சுளித்தார்கள். என் கருத்தில் அந்தக் கண்டிப்பு முற்றிலும் சரி.

குறை அடுத்த கட்டத்தில்தான் வெளிப்பட்டது. கூட்டத்தில் சொன்ன எண்ணிக்கையைவிடக் கூடுதலான ஆட்களைக் கடைசி வாரத்தில் சேர்த்திருந்தார்கள். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்கு அருகே நிற்கக் கிடைக்கும் இடம் குறுகியது. அங்கே ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் கேமராவை நீட்ட வேண்டியிருந்தது. வயதில் மூத்த ஓர் அம்மா ஒரு படம்கூட எடுக்காமலேயே பெட்டிக்குத் திரும்பினார். கட்டணத்தைக் குறைக்கவே ஆள் சேர்த்தோம் என்றார்கள். ஆனால் எங்கள் பங்கு குறைக்கப்படவில்லை. இதை அவர்களிடம் நேரிலும் சொன்னேன். மண்சரிவால் பயணம் ரத்தானால் எவ்வளவு தொகை திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் எழுத்துவடிவில் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பாதை அடிக்கடி மூடப்படுவதால், இது சிறிய குறையன்று.

சாப்பாடு பரவாயில்லை. காட்பாடியிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு கிளம்பி விடியலில் மேட்டுப்பாளையம் சேர்ந்ததால் தங்குமிடச் செலவு மிச்சமாயிற்று.

அடுத்த பயணத்துக்கு இவர்களிடமே பதிவு செய்வேன். முன்பணம் கட்டுவதற்கு முன் ஆட்களின் உச்ச எண்ணிக்கையையும் பணம் திருப்பித் தரும் விதியையும் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைக் கேளுங்கள். மழையும் ஓய்ந்திருக்கும், குளிர்ந்த காற்றில் நீராவியும் வெள்ளையாகத் திரண்டு நிற்கும்.