டாப்கேட்டோடு சில வருடங்கள்

விண்மீன் தரவுகளை அலசுகிற டாப்கேட் மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலும் ஓடும். தரவை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எனக்கு இந்த மூன்றும் போதும் என்றுதான் இதை எடுத்தேன். சில வருடங்களாக இளங்கலை மாணவர்களின் புராஜெக்ட்டுக்கும் என் சொந்த ஆர்வத்துக்கும் இதுதான்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மார்க் டெய்லர் எழுதிப் பராமரித்து வரும் ஜாவா மென்பொருள் இது. விண்மீன்களின் இடமும் அளவீடுகளும் அடங்கிய பட்டியல்களை, அதாவது கேட்டலாக்குகளை, அட்டவணையாகத் திறக்கலாம், வரைபடம் போடலாம், ஒரு கேட்டலாக்கை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்கலாம். ஜாவா இருந்தால் ஒரே கோப்பை இறக்கி அப்படியே திறந்துவிடலாம், நிறுவுகிற வேலையே கிடையாது. திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் பலரிடம் இருந்தது பிளஸ் டூவில் அரசு அப்போது கொடுத்து வந்த விலையில்லா மடிக்கணினிதான். அதில் ஓடாத மென்பொருளால் எனக்குப் பயன் இல்லை. வானியலில் புழங்கும் ஃபிட்ஸ் வடிவக் கோப்பாக இருந்தால் டாப்கேட் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுவதில்லை, வட்டிலிருந்தே தேவையானதைப் படித்துக்கொள்கிறது. அதே தரவை வெறும் எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாகக் கொடுத்தால் திறக்கவே திணறும். அதனால் முதல் பாடமே, எதை இறக்கினாலும் ஃபிட்ஸாகச் சேமி என்பதுதான்.

டெல்டாவில் வானம் பார்க்கிறவனுக்கு ஒரு நிரந்தர வருத்தம் உண்டு. கார்த்திகைக் கூட்டம் நள்ளிரவில் கிட்டத்தட்ட உச்சிக்கு வருவது நவம்பரில். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். சம்பா வயலில் தண்ணீர் நிற்கும், மேலே மேகம் நிற்கும். அந்த மாதங்களில் நாங்கள் கார்த்திகையைத் திரையில்தான் பார்க்கிறோம். இப்போது யோசித்தால் அதுதான் எனக்குப் பிடித்த பாடமாகவும் ஆகியிருக்கிறது.

செய்முறை இதுதான். டாப்கேட்டில், தொலைவிலுள்ள தரவுத்தளத்திடம் தரவு கேட்கிற டேப் (TAP) ஜன்னலைத் திறந்து, விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 ஜூனில் வந்தது அது, சுமார் 180 கோடி மூலங்கள். கார்த்திகையைச் சுற்றி இரண்டு பாகை ஆரத்துக்குள் இருப்பவற்றை மட்டும் கேட்டால் பல்லாயிரம் வரிகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை முன்னாலோ பின்னாலோ இருக்கிற சம்பந்தமில்லாத மீன்கள். இப்போது ஒரு மீன் வானத்தில் வருடத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்கிற சொந்த இயக்கத்தின் இரண்டு கூறுகளையும் எக்ஸ், ஒய் அச்சுகளில் போட வேண்டும். பூஜ்யத்தைச் சுற்றிப் பெரிய மேகம் ஒன்று. அதை விட்டு விலகி, ஒன்றில் 20, மற்றதில் கழித்தல் 45 மில்லி ஆர்க்செகண்ட் பக்கத்தில் சின்னக் கொத்து ஒன்று (ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு). அதுதான் கார்த்திகை. சுட்டியால் அதைச் சுற்றி ஒரு வளையம் வரைந்தால் அது தனி உட்தொகுப்பாகிவிடும். அதே உட்தொகுப்பு, மீன்களின் நிறத்தையும் பிரகாசத்தையும் அச்சுகளாகக் கொண்ட நிறம்–ஒளியளவு வரைபடத்திலும் உடனே வேறு வண்ணத்தில் மின்னும். கலைந்து கிடந்த புள்ளிகளுக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று எழுந்து வரும்போது வகுப்பில் யாராவது ஒருவர் "சார், சார்!" என்று கத்தாமல் இருந்ததில்லை.

பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு மீன் இடம் மாறுவது போலத் தெரியும் அளவுதான் இடமாறு. அந்தக் கொத்துக்கு அது சுமார் 7.4 மில்லி ஆர்க்செகண்ட். ஆயிரத்தை அதனால் வகுத்தால் 135 பார்செக், அதாவது ஏறக்குறைய 440 ஒளியாண்டு. இதில் ஒரு பழைய சண்டை அடங்கியிருக்கிறது. கையாவுக்கு முந்தைய ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் அளவீடு கார்த்திகை 120 பார்செக் தூரத்தில்தான் இருக்கிறது என்றது, மற்ற முறைகள் அதை ஏற்கவில்லை. வருடக்கணக்கில் நடந்த வழக்கை கையா தீர்த்து வைத்தது. ஹிப்பார்கோஸ் கேட்டலாக்கையும் பக்கத்தில் திறந்து வைத்தால், அந்த வித்தியாசத்தை மாணவரே கையால் தொட்டுப் பார்க்கலாம். ரோகிணியும் நல்ல விளையாட்டு. ஹையாடிஸ் கூட்டத்தின் இடமாறு 21 பக்கம், அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிற ரோகிணி மீனுக்கோ 49 பக்கம். கூட்டத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை, பாதித் தூரத்துக்கும் முன்னாலேயே நிற்கிறாள். ஆனால் மிகப் பிரகாசமான மீன்கள் கையாவில் முழுமையாகக் கிடைக்காது. வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறவற்றுக்கு ஹிப்பார்கோஸைத்தான் நம்ப வேண்டும்.

சரி, பொருத்துவதற்கு வருவோம். டாப்கேட்டின் உண்மையான பலமும் ஆபத்தும் இங்கேதான். வாக்காளர் பட்டியலையும் ரேஷன் அட்டைப் பட்டியலையும் பெயர் இல்லாமல், முகவரியை மட்டும் வைத்து ஒப்பிடுவது போன்ற வேலை இது. இரண்டு கேட்டலாக்கிலும் இருப்பது வானத்தில் ஓர் இடம். எவ்வளவு நெருங்கினால் இரண்டும் ஒன்று என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஜோடி சேர்க்கிற பேர் மேட்ச் (Pair Match) ஜன்னலில் ஒரு பெட்டி இருக்கும், அதில் தேடும் ஆரமாக ஓர் எண்ணைப் போட்டு பொத்தானை அழுத்தினால் சில விநாடிகளில் பதில் வந்துவிடும். எந்த எண்ணைப் போட்டாலும் ஏதோ ஒரு பதில் வரும் என்பதுதான் சிக்கல். பக்கத்து மாணவர் ஒன்று போட்டார் என்று இவரும் ஒன்று போடுவார்.

கையாவையும் டூமாஸ் அகச்சிவப்புக் கேட்டலாக்கையும் பொருத்தினால் ஒரு ஆர்க்செகண்ட் நியாயமான தொடக்கம். ரோசாட் விண்கலம் கண்ட எக்ஸ்ரே மூலங்களுக்கு அது உதவாது. அதன் இட அளவீட்டிலேயே பத்து ஆர்க்செகண்டும் அதற்கு மேலும் பிழை உண்டு. ஆரத்தைப் பெரிதாக்கினாலோ விருச்சிகம், தனுசு போல நெரிசலான பகுதியில் ஒவ்வொரு எக்ஸ்ரே மூலத்துக்கும் தற்செயலாகவே ஏதாவது ஒரு மீன் அகப்பட்டுவிடும். டாப்கேட் பொருந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளியை அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துத் தருகிறது. அதை ஹிஸ்டோகிராமாகப் போட்டே தீர வேண்டும் என்பது என் பிடிவாதம். உண்மையான ஜோடிகள் சிறிய இடைவெளியில் குவிந்து நிற்கும், தற்செயல் ஜோடிகள் இடைவெளி கூடக் கூட நேர்கோடாக ஏறும். இரண்டும் எங்கே பிரிகிறது என்று கண்ணாலேயே தெரியும். இன்னும் சந்தேகம் இருந்தால், ஒரு கேட்டலாக்கின் எல்லா இடங்களையும் சில ஆர்க்நிமிடம் வேண்டுமென்றே தள்ளிவிட்டு மறுபடி பொருத்த வேண்டும். அப்போதும் எத்தனை ஜோடி சேர்கிறதோ அத்தனையும் போலி.

அடுத்தது காலம். டூமாஸ் 1997 முதல் 2001 வரை வானத்தைப் படம் பிடித்தது. கையாவின் மூன்றாம் வெளியீட்டில் இடங்கள் 2016-க்கு உரியவை. பர்னார்டு விண்மீன் வருடத்துக்குப் பத்து ஆர்க்செகண்டுக்கு மேல் ஓடுகிறது. இடைப்பட்ட காலத்தில் அது நகர்ந்தது 160 ஆர்க்செகண்ட் பக்கம், நிலவின் விட்டத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. ஒரு ஆர்க்செகண்ட் ஆரத்தில் தேடினால் அது காணாமலே போகும். இதற்கு எப்பக்ப்ராப் என்று ஒரு செயற்கூறு உள்ளேயே இருக்கிறது. இடம், இடமாறு, சொந்த இயக்கம், ஆரத் திசைவேகம் (நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம்), எத்தனை வருடம் பின்னால் போக வேண்டும் என்பதைக் கொடுத்தால் பழைய இடத்தைக் கணக்கிட்டுத் தரும். பொருந்தாத வரிகளை மட்டும் காட்டு என்கிற தேர்வும் உண்டு. யாரும் தொடாத அந்தத் தேர்வில்தான் வேகமாக ஓடுகிற மீன்கள் சிக்கும்.

இணையத்தைப் பற்றி. மழைக்காலத்தில் எங்கள் ஊர் இணைப்பு எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை, போன் ஹாட்ஸ்பாட்தான் கதி. அதற்கு ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையத்தின் கிராஸ் மேட்ச் சேவை பெரிய உதவி, டாப்கேட்டுக்குள்ளிருந்தே கூப்பிடலாம். நம்மிடமிருந்து போவது இடங்களின் பட்டியல் மட்டும், பொருத்துவது அவர்கள் கணினி, திரும்பி வருவது பொருந்திய வரிகள் மட்டும். கோடிக்கணக்கான வரிகளை இறக்க வேண்டியதில்லை. வானப் படங்களைக் காட்டும் அலாதின் மென்பொருளையும் சேர்த்துத் திறந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சொடுக்கியதும் அந்த இடத்தின் வானப் படம் அங்கே வந்து நிற்கும். போலி ஜோடிகளைப் பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

குறைகள் உண்டு. ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகும், சின்னத் திரையில் எது எங்கே போனது என்று தேடியே பொழுது போகும். சின்னங்களைப் பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய மென்பொருள் மாதிரி இருக்கும். செஷனைச் சேமித்தால் அட்டவணைகளும் உட்தொகுப்புகளும் திரும்பி வரும், வரைபட ஜன்னல்கள் வராது. கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் இது சாதாரணக் குறை இல்லை. வரைபடத்தை, டாப்கேட்டின் கட்டளைவரித் துணையான ஸ்டில்ட்ஸின் கட்டளையாக எழுதி வாங்கிக்கொள்ளும் வசதி இருப்பதால் அதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். மடக்கைக்குள் (லாக்) எதிர்மறை எண் போனால் டாப்கேட் சத்தம் காட்டாமல் வெற்றிடத்தைத் தரும் என்பதையும் கவனிக்க வேண்டும். கையாவில் அளவீட்டுப் பிழையால் எதிர்மறை இடமாறு நிறைய உண்டு. அந்த மீன்கள் வரைபடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும், எண்ணிப் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கையாவில் குதிக்க வேண்டாம். ஹிப்பார்கோஸ் முழுவதும் 1,18,218 மீன்கள்தான், எந்தக் கணினியிலும் சட்டென்று திறக்கும். அதை வைத்து ஒரு வாரம் விளையாடுங்கள். அப்புறம் பூசம் என்கிற விண்மீன் கூட்டத்தைச் சுற்றி ஒரு பாகைக்கு கையாவைக் கேளுங்கள். கார்த்திகையைவிடத் தூரம் அதிகம், கொத்தைப் பிரித்தெடுக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.