கோழியா, சுண்டெலியா, நாயா? தைரொயிட் ஆய்வில் யாரை நம்புவது

காலையில் வெறும் வயிற்றில் தைரொயிட் ஓமோனான தைரொக்சின் குளிசையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க அரை மணி நேரம் பொறுத்திருக்கிற பெண்கள் மட்டக்களப்பில் எந்த ஒழுங்கையிலும் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு வந்திருப்பது ஹஷிமோட்டோ நோய். உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே தைரொயிட் சுரப்பியை எதிரி என்று நினைத்து அழிப்பதுதான் அந்த நோய். ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய சத்திரசிகிச்சை வைத்தியர் 1912இல் நான்கு நோயாளிகளை வைத்து இதை முதலில் விவரித்தார். இதற்கு நேர்மாறானது கிரேவ்ஸ் நோய். அதில் சுரப்பி அழிவதில்லை, கட்டுப்பாடில்லாமல் வேலை செய்யும்படி முடுக்கிவிடப்படுகிறது.

வந்தாறுமூலையில் படிக்கும் மாணவி ஒருவர் செமினாருக்காகக் கேட்டார்: "சேர், இதைப் படிக்க எந்த மிருகம் நல்லம்?" எந்தக் கேள்விக்கு என்று திருப்பிக் கேட்டேன். "மறுகா என்ன, எல்லாத்தையும் எழுதட்டா?" என்றார். எல்லாவற்றையும் எழுதினால் செமினார் பொழுதுபடும்வரை போகும். போட்டியில் உண்மையாக நிற்பவை சிலதான்.

வரலாற்றுக்கு முயலைச் சொல்லியாக வேண்டும். 1956இல் நோயல் ரோசும் ஏர்னஸ்ட் விட்டெப்ஸ்கியும் முயலின் தைரொயிட் சாற்றை, நிர்ப்பீடனத்தைத் தூண்டும் எண்ணெய்க் கலவையோடு சேர்த்து முயலுக்கே ஏற்றினார்கள். முயலின் உடல் தன் சுரப்பியையே தாக்கியது. உடல் தன்னைத் தானே தாக்காது என்று அதுவரை இருந்த நம்பிக்கை அதோடு ஆட்டங்கண்டது. இதே முறையைப் பின்னர் சுண்டெலிக்குக் கொண்டுபோனார்கள். சுண்டெலியின் தைரொகுளோபியூலினை, அதாவது சுரப்பிக்குள் ஓமோன் உருவாகும் புரதத்தை, ஏற்றினால் சில வாரங்களில் சுரப்பி வீங்கி அழற்சி வரும். சி.பி.ஏ. வகை எலிக்கு வரும், வேறு சில வகைகளுக்கு வராது. இந்த வேறுபாடு எலியின் திசுப்பொருத்தப் பரம்பரையலகுகளோடு (தன் திசு எது, பிற திசு எது என்று நிர்ப்பீடனத் தொகுதிக்குக் காட்டுபவை) தொடர்புடையது என்று 1971இல் விளாடுட்டியுவும் ரோசும் காட்டியது பெரிய விடயம்தான். ஆனாலும் இந்த முறை, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பதைப் போன்றது. முதல் பொறி எங்கிருந்து வந்தது என்று இதில் தெரியவராது. போதாததற்கு, எலிக்கு வந்த அழற்சி கொஞ்ச நாளில் தானாகவே தணிந்துவிடும். மனிதருக்கு அப்படி நடப்பது அரிது.

தானாக நோய் வரும் விலங்குகளில் கோழிக்கும் ஒரு சுண்டெலிக்கும்தான் சரியான போட்டி.

கோழிக்குப் பெயர் ஓ.எஸ்., அதாவது பருத்த வகை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ரண்டல் கோல் வளர்த்த வெள்ளை லெகோர்ன் மந்தையில், 1950களின் நடுவில் தலைகாட்டியது. உருவம் குள்ளம், தோலுக்கடியில் கொழுப்பு, நீண்டு பட்டுப்போல் தொங்கும் இறகு. குளிர் தாங்காது, முட்டையும் குறைவு. நம் ஊர்க்கோழிக்குப் பக்கத்தில் விட்டால் வேறு சாதிப் பறவை என்றே சொல்வார்கள். குஞ்சு பொரித்து இரண்டு மூன்று வாரத்திலேயே நிர்ப்பீடனத் தொகுதியின் நிணநீர்க்கலங்கள் சுரப்பிக்குள் நுழையத் தொடங்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இளஞ்சிவப்புக் கூழ் நிரம்பிய வட்ட அறைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஊதாப் புள்ளிகள் கூட்டங்கூட்டமாக அடைத்து நிற்கும். கடைசியில் உண்மையாகவே ஓமோன் வற்றிப்போகும். நோயின் முழுப் பயணத்தையும் ஊசி எதுவும் போடாமல் காட்டுவது இதுதான். குறை என்னவென்றால், கோழியின் நிர்ப்பீடனத் தொகுதி நம்முடையதல்ல. பிறபொருளெதிரி என்ற தாக்கும் புரதத்தைச் சுரக்கும் கலங்கள் அதற்கு பேர்சா என்ற தனி உறுப்பில் முதிர்கின்றன. அதைக் குஞ்சிலேயே அகற்றினால் நோய் தணிகிறது. நமக்கு அந்த உறுப்பே கிடையாது.

எதிர்ப்பக்கத்தில் என்.ஓ.டி.-எச்2எச்4 சுண்டெலி. நீரிழிவுக்குப் பெயர்போன என்.ஓ.டி. எலியை வேறொரு வகையோடு கலந்து பிறப்பித்தது. நீரிழிவு வராது, தைரொயிட் அழற்சி வரும். குடிநீரில் 0.05 சதவீதம் சோடியம் அயடைட்டு கலந்து கொடுத்தால் இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ எல்லா எலிக்கும் வந்துவிடும். ஆனால் பெரும்பாலும் ஓமோன் அளவு குறைவதில்லை, அந்த இடத்தில் கோழிதான் வெல்கிறது.

இலங்கையில் இருந்து பார்க்கிறவர் இந்த எலியை விடக்கூடாது என்பது என் கட்சி. காரணம் உப்பு. கழுத்துக் கழலையைத் தடுக்க 1995இல் இங்கே உப்புக்கு அயடீன் கட்டாயமானது. 2000இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கைப் பாடசாலை மாணவிகளிடம் தைரொகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரி எதிர்பாராத அளவுக்கு இருப்பதைக் கண்டு, அயடீன்தான் காரணமா என்று கேட்டது. 2003இல் வந்த தொடர் ஆய்வில் அது குறைந்திருந்தது. எலியிலும் முதலில் எழுவது தைரொகுளோபியூலின் பிறபொருளெதிரிதான். ஹஷிமோட்டோ நோயாளிகளின் இரத்தத்தில் வழமையாகத் தேடும், ரி.பி.ஓ. என்ற தைரொயிட் நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரி பிந்தித்தான் வருகிறது. அயடீன் கூடுதலாக ஏறிய தைரொகுளோபியூலின் நிர்ப்பீடனத்தின் கண்ணில் எளிதாகப் படுகிறது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இதைக் கேட்டு யாரும் அயடீன் உப்பைக் கைவிட வேண்டாம். கர்ப்பிணியின் அயடீன் குறைவு பிள்ளையின் மூளையைப் பாதிக்கும், அதற்கு முன் இது சின்ன விடயம்.

கிரேவ்ஸ் நோய்க்கு இந்த இரண்டுமே உதவாது. மனிதரைத் தவிர வேறெந்த விலங்குக்கும் அது தானாக வருவதாகத் தெரியவில்லை. வயதான பூனைக்கு வரும் தைரொயிட் மிகைச்சுரப்பு, சுரப்பியில் உண்டாகும் கட்டியால் வருவது, தன்நிர்ப்பீடனம் அல்ல. ஆகவே செயற்கை வழிதான். 1996இல் ஷிமோஜோ குழுவினர் ரி.எஸ்.எச். (தைரொயிட்டை முடுக்கும் ஓமோன்) வாங்கியைத் தாங்கிய கலங்களை எலிக்கு ஏற்றியபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே நோய் வந்தது. 2002இல் நாகயாமா குழுவினர் அதே வாங்கியின் பரம்பரையலகை அடினோ வைரசில் ஏற்றிக் கொடுத்தார்கள். பல்ப்-சி வகைப் பெண் எலிகளில் பாதிக்கு மேல் நோய் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அழற்சிக்கு எளிதில் விழும் அந்த சி.பி.ஏ. எலிக்கு இது வரவேயில்லை.

கடைசியாக நாய். ஆய்வுகூடக்காரர்கள் இதை ஏன் ஓரங்கட்டுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. செலவும், வளர நாள் எடுப்பதும் காரணமாக இருக்கலாம். பீகிள், டொபர்மன் போன்ற சாதிகளுக்கு நிணநீர்க்கல அழற்சி தானாக வருகிறது, நம்மோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே வருகிறது. மெல்ல மெல்ல ஓமோன் குறைந்து, உடல் பருத்து, வாலில் மயிர் கொட்டும். இரத்தத்தில் பெரும்பாலும் தைரொகுளோபியூலின் எதிரி இருக்கும், ரி.பி.ஓ. எதிரி குறைவு. மருந்தும் நமக்குக் கொடுக்கும் அதே தைரொக்சின்தான். ஆனால் நாயின் குடல் அதைக் குறைவாக உறிஞ்சுகிறது, உடல் வேகமாக வெளியேற்றிவிடுகிறது. அதனால் உடல் நிறைக்கு ஏற்ப அதற்குக் கொடுக்கும் அளவு மனிதருடையதைவிடப் பல மடங்கு. வீட்டில் நாய்க்கும் ஆளுக்கும் ஒரே நோய் என்றால் இரண்டு குளிசைப் போத்தலையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.