எச்20இ சில்வர் எபாக்சி: சால்டர் வைக்க முடியாத இடத்துக்கு

ஈயம் கலக்காத சால்டர் (பாகங்களை மின்சுற்றில் இணைக்கும் பற்றாசு) உருகவே 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். சில பீசோ தகடுகளின் (அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பீங்கான்) கியூரி வெப்பநிலை, அதாவது அந்தத் தன்மையை இழக்கும் வெப்பநிலை, 200-ஐ ஒட்டியே இருப்பதால் அந்தச் சூட்டில் முனைவாக்கம் போய்விடும். பெட் (PET) பிளாஸ்டிக் பிலிம் சுருண்டுவிடும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத்-டின் சால்டர் கைகொடுக்காத இடத்தில்தான் வெள்ளித்தூள் கலந்த, மின்சாரம் கடத்தும் எபாக்சிப் பசை தேவைப்படுகிறது. அந்த வகையில் பலரும் அளவுகோலாக வைத்திருப்பது எபோ-டெக் எச்20இ.

இரண்டு டப்பா (பிசினும் இறுக்கியும்), எடைக்கு எடை 1:1. 150 டிகிரியில் 5 நிமிடம், 120-இல் 15 நிமிடம், 80-இல் 3 மணி நேரம் என்பது தயாரிப்பாளர் தரும் குறைந்தபட்சக் கணக்கு. நமக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி. கலந்த பசை அறைவெப்பத்தில் இறுகாமல் இரண்டரை நாள் வரை தாங்கும் என்பது பெரிய சௌகரியம். பத்து நிமிடத்தில் இறுகும் பசைகளில் பாதி, கலவைத் தட்டிலேயே வீணாகும். வெள்ளி விலைக்கு அது கட்டுப்படியாகாது.

எச்20இயின் தன்தடை (பொருளுக்கே உரிய மின்தடை) 0.0004 ஓம்-செ.மீ. அறைவெப்பப் பசைகள் சிலவற்றில் 0.007 வரை போகும். பதினேழு மடங்கு என்று பயப்பட வேண்டாம்: 1 சதுர மி.மீ. பரப்பு, 0.1 மி.மீ. தடிமனுக்கு முன்னது 0.4 மில்லிஓம், பின்னது 7 மில்லிஓம்தான். சென்சார் வேலைக்கு இரண்டுமே போதும். கோளாறு வருவது பசைக்குள் அல்ல, பசையும் உலோகமும் சேரும் பரப்பில். தங்கம், வெள்ளி பூசிய பேடுகளில் (பாகம் ஒட்டும் உலோகப் பரப்புகளில்) தடை நிலையாக நிற்கும். டின் பூசிய பாகக் கால்களில் ஈரம் ஏறியதும் மின்வேதி அரிப்பு தொடங்கி, மாதக்கணக்கில் தடை மெல்ல மெல்ல உயரும். பசை மாற்றிப் பயனில்லை, பூச்சைத்தான் மாற்ற வேண்டும்.

வெள்ளி அடியில் படியும். ஒவ்வொரு டப்பாவையும் தனித்தனியே நன்றாகக் கிளறிய பிறகே எடுங்கள். 0.01 கிராம் தராசு கட்டாயம். கண்ணளவில் கலந்தால் இறுகாத பிசின்தான் மிஞ்சும். பேடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, விரல் படாமல் பசை வையுங்கள். மூன்று மணி நேரத்தைச் சூட்டடுப்பின் (oven) முகப்பு காட்டும் எண்ணிலிருந்து எண்ணாதீர்கள். சுற்றுப் பலகையில் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒட்டி, அது 80-ஐ எட்டிய பிறகு எண்ணுங்கள். அரைகுறையாக இறுகினால் பிடிப்பு இருக்கும், கடத்தல் இருக்காது. பிசின் சுருங்கும்போதுதான் வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று தொடுகின்றன.

சோதிக்க மல்டிமீட்டரின் ஓம் வரிசை உதவாது, அதன் வயரிலேயே சில பத்து மில்லிஓம் இருக்கும். 100 மில்லிஆம்ப் செலுத்தி, இணைப்பின் இருபுறமும் தனி முனை வைத்து மின்னழுத்தம் பாருங்கள்: 1 மில்லிவோல்ட் என்றால் 10 மில்லிஓம்.

நெருங்கிய தடங்களுக்கு நடுவே டிசி அழுத்தமும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளி நகர்ந்து ஷார்ட் ஆகும். மேலே காப்புப் பூச்சு அவசியம்.

வளையும் பிலிமுக்கு எச்20இ வேண்டாம், இறுகியதும் விறைத்து விரிசல் விடும். 80 டிகிரியையும் தாங்காத பாகமென்றால் 3எம் 9703 என்ற மின்கடத்தும் ஒட்டு டேப் பாருங்கள். சூடே தேவையில்லை, நன்றாக அழுத்தினால் போதும். தடிமன் வழியே மட்டும் கடத்தும். ஒவ்வொரு தடமும் குறைந்தது 3.2 சதுர மி.மீ. மேல்படிய வேண்டும், தடங்களுக்கு இடையே 0.4 மி.மீ. இடைவெளி வேண்டும். நீண்ட கால உபயோகத்துக்கு 70 டிகிரிதான் அதன் எல்லை.