ஸ்விஃப்டில் 14-லிருந்து 16 இன்ச்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

என்னுடையது 2019 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல். கம்பெனியில் வந்தது 14 இன்ச் ஸ்டீல் ரிம், 165/80 ஆர்14 டயர் (அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச்). 46,000 கிலோமீட்டரில் டயர் மொட்டையாகி எப்படியும் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, நெடுநாள் ஆசை, 16 இன்ச் அலாய் போட்டுவிட்டேன். ரிம் நான்கும் 31,000 ரூபாய், 195/55 ஆர்16 டயர் நான்கும் 26,000, பேலன்சிங் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 58,500 ஆனது. இதுவரை 9,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ் எவ்வளவு அடிவாங்கியது என்றுதான், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

டயர் மாற்றுவதற்கு முன்பு கோவை டவுனுக்குள் லிட்டருக்கு 15.1, கோவை-சேலம் நெடுஞ்சாலையில் 20.8 வந்துகொண்டிருந்தது. மாற்றிய முதல் மூன்று மாதம் டவுனில் 13.4, ஹைவேயில் 19.4. இப்போது கொஞ்சம் தேறி 13.9, 19.8-இல் நிற்கிறது. இதெல்லாம் டேஷ்போர்டு காட்டும் கணக்கு இல்லை. ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக நின்றதும் அதோடு நிறுத்தி, அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரம்பிய லிட்டரால் வகுத்தது. ஒரு தடவை நிரப்பியதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, குறைந்தது ஐந்தாறு தடவை எடுத்து சராசரி பார்க்க வேண்டும். நான் மாதம் டவுனில் 700, ஹைவேயில் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதற்கு இப்போது சுமார் 5 லிட்டர் கூடுதலாகப் போகிறது, அதாவது 500 ரூபாய்.

ஆனால் இந்த 500 ரூபாயையும் பெரிய வீல் தலையில் கட்டுவது நியாயமில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு மாதம் ஆனது.

முதல் விஷயம், பழைய டயர் தேய்ந்துபோயிருந்தது. புது டயரில் டிரெட், அதாவது தரையைத் தொடும் ரப்பரில் உள்ள வரிகளின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், என்னுடையதில் 2 தான் மிச்சம். மேலே 6, கீழே 6 என்று டயரின் விட்டமே 12 மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது. விட்டம் குறைந்தால் அதே தூரத்துக்கு டயர் அதிகச் சுற்று சுற்றும், மீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும், கிட்டத்தட்ட 2 சதவீதம். ஆக, நான் 15.1 என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் 14.8 தான். 20.8 என்பது 20.4. அதோடு தேய்ந்த டயர் லேசாகவும் உருளும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதற்கு அதில் ரப்பர் குறைவு. அதே 14 இன்ச்சில் புது டயர் போட்டிருந்தாலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். டயர் கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, எடை. பழைய வீலையும் புது வீலையும் டயரோடு தராசில் வைத்துப் பார்த்தேன். பழையது 14.1 கிலோ, புதியது 17.3. அலாய் என்றால் ஸ்டீலைவிட லேசு என்று நினைத்துத்தான் வாங்கினேன், விலை மலிவான வார்ப்பு ரிம்மில் அப்படி ஒன்றும் இல்லை, அளவு பெரிதாக ஆக எடையும் ஏறிவிடுகிறது. நான்குக்கும் சேர்த்து 13 கிலோ கூடுதல். விளிம்பில் இருக்கும் எடையை முன்னோக்கித் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும், அதனால் வண்டி வேகமெடுக்கும்போது அது ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கனக்கும். அப்படியே வைத்தாலும் டிக்கியில் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றிய மாதிரிதான். சிக்னலுக்கு சிக்னல் நின்று கிளம்பும் டவுனில் அது தெரியும், சீராக 80-இல் போகும்போது தெரியாது. டவுன் மைலேஜ் அதிகமாகவும் ஹைவே மைலேஜ் குறைவாகவும் அடிவாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீதியைச் சாப்பிடுவது டயர்தான். கம்பெனி டயரை மைலேஜ் வரவேண்டும் என்று பார்த்தே தேர்ந்தெடுத்திருப்பார்கள். நான் வாங்கியது நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரப்பர், 30 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். பிடிப்பு வேண்டுமென்றால் உருளும்போது கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும், ஹைவேயில் அந்த அகலம் காற்றையும் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கிறது. அப்புறம் டயருக்குள் இருக்கும் காற்று. மாட்டிய கடையில் 28 பிஎஸ்ஐ பிடித்து அனுப்பியிருந்தார்கள், நானும் பத்து நாள் பார்க்காமல் ஓட்டினேன். பிறகு சரியான அளவுக்கு ஏற்றியதுமே, கிளட்ச் விட்டதும் வண்டி உருள்வதில் வித்தியாசம் தெரிந்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், டயரின் மொத்த விட்டம். 165/80 ஆர்14-இன் விட்டம் 620 மில்லிமீட்டர். 195/55 ஆர்16-க்கு 621. ரிம் பெரிதாகி டயரின் பக்கச்சுவர் குறைந்துவிட்டது, வெளிவட்டம் அதேதான். அதனால் மீட்டரும் கியர் கணக்கும் மாறவில்லை, டிக்கியில் இருக்கும் பழைய 14 இன்ச் ஸ்டெப்னியையும் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளலாம். எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல் வீட்டு அண்ணாவும் இதே ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். அவருக்குக் கடையில் 195/60 ஆர்16 மாட்டிவிட்டார்கள், கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி கூடும் என்று சொல்லி. அது 640 மில்லிமீட்டர். "தம்பி, எனக்கு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது, உனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டியையும் எடுத்துக்கொண்டு விஜயமங்கலம் டோல் வரை போய்த் திரும்பினோம், ஒன்றன்பின் ஒன்றாக. என் மீட்டரில் ஓடிய தூரம் 100 கிலோமீட்டர் காட்டும்போது அவருடையதில் 97. போனில் ஜிபிஎஸ் பார்த்தால் என் தூரம்தான் சரியாக இருந்தது. அண்ணாவுக்கு மைலேஜ் குறைந்தது உண்மை, ஆனால் அதில் 3 சதவீதம் மீட்டர் எண்ணாமல் விட்ட தூரம்.

அதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது வேகம். அவர் மீட்டர் 100 காட்டும்போது என் மீட்டரில் 103. தான் நினைப்பதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார். டவுனில் இரண்டாவது கியரில் மேடு ஏறும்போது வண்டி சோம்பலாக இருக்கிறது என்றும் சொன்னார். வட்டம் பெரிதானால் கியரே நீண்டுவிடும், அதாவது இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டியைக் கூடுதல் தூரம் இழுக்க வேண்டும், அப்படித்தான் இருக்கும். இதற்கெல்லாம் பதிலாக அவருக்குக் கிடைத்த கிளியரன்ஸ் வெறும் 10 மில்லிமீட்டர்.

மைலேஜ் தவிர மற்றவை. மழையில் பிடிப்பும் பிரேக்கும் வளைவில் வண்டி சாயாமல் போவதும் பழைய டயரோடு ஒப்பிடவே முடியாது. சங்ககிரி தாண்டி மழை பிடித்துக்கொண்டால் முன்பு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போவேன், இப்போது அந்தப் பயம் இல்லை. குலுக்கல் கூடியிருக்கிறது. 132 மில்லிமீட்டர் பக்கச்சுவர் 107 ஆகிவிட்டதே, சின்னப் பள்ளம்கூட முதுகில் வந்து சொல்கிறது. அவினாசி ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி முன் இடது ரிம்மின் உள்விளிம்பு லேசாக வளைந்து, 800 ரூபாய் கொடுத்து நிமிர்த்தினேன்.

மாட்டிய கடையின் மேல் ஒரு குறை உண்டு. ஸ்விஃப்டின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டை உட்காரும் வட்டம், 54.1 மில்லிமீட்டர், இந்த ரிம்மின் நடு ஓட்டை 73.1. இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் வேண்டும், அதைப் போடாமலே அனுப்பிவிட்டார்கள். 90-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கியது, மூன்று தடவை பேலன்சிங் செய்தும் போகவில்லை. கடைசியில் வேறொரு கடையில் ஒரு பையன் வீலைக் கழற்றி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "அண்ணா, இதில் ரிங்கே இல்லையே" என்றான். 600 ரூபாய் வளையத்தில் நடுக்கம் நின்றது. வாங்கும்போதே கேட்டு, கண்ணால் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

ஸ்விஃப்டுக்கு 16 வேண்டுமென்றால் 195/55 மட்டும் போடுங்கள், பலேனோவில் வருகிற அளவுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். ரிம்மைக் கையில் தூக்கிப் பார்த்து, முடிந்தால் எடை போட்டு வாங்குங்கள். மைலேஜ்தான் பெரிது என்பவர்களுக்கு இதே காரின் இசட்எக்ஸ்ஐ மாடலில் வரும் 185/65 ஆர்15 போதும், அதுவும் 621 மில்லிமீட்டர்தான். மேல் வீட்டு அண்ணா இப்போது 195/55 தேடிக்கொண்டிருக்கிறார், பழைய டயரை நிசான் மேக்னைட் கார் வைத்திருக்கும் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று விசாரிக்கிறார், ஏனென்றால் அது அந்த வண்டியின் அளவு.